பெயர் மறுக்கப்பட்ட ஒளி



இரவு வானத்தில் தோன்றிய ஓர் ஒளியைப் பற்றியது இவ்வுரை. அவ்வொளி ஏவூர்தியா, அன்றா என்று ஒரு பெருநாட்டில் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. இலக்கிய மேடையில் ஏவூர்திக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கண்டதற்கு உவமை தேடுவதும், உவமையிலிருந்து பொருளின் பெயருக்குச் செல்வதும் கவிஞர் தொழில். அவ்வழியின் நடுவே ஓர் அரசு வந்து நின்றுகொண்டால் என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்ச்சியினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

1977ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள். சோவியத்து ஒன்றியத்தின் வடமேற்கில், பின்லாந்து நாட்டை ஒட்டிக் கிடக்கும் கரேலியாவின் தலைநகரம் பெத்ரோசவோத்ஸ்க். ஒனேகா என்னும் பேரேரியின் கரையில் அமைந்த ஊர். பேரரசர் பீட்டர் 1703இல் பீரங்கி வார்க்க நிறுவிய ஆலையைச் சுற்றி வளர்ந்தமையால் ‘பீட்டரின் ஆலை’ என்று பொருள்படும் பெயர் பெற்றது. அன்று விடியற்காலை நான்கு மணியளவில், இருள் பிரியாத வானில் பெரிய விண்மீன் போன்ற ஒன்று சுடர்விட்டு எழுந்தது. மெல்ல நகர்ந்தது. பின்னர் குடைபோல விரிந்து, கீழ்நோக்கி எண்ணற்ற மெல்லிய கதிர்களைத் தொங்கவிட்டது. பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் இக்காட்சி நீடித்தது. இறுதியில் ஏரியின் பக்கமாக ஒதுங்கி, நடுவில் செம்மையும் ஓரத்தில் வெண்மையும் கொண்ட அரைவட்டமாகத் தேய்ந்து மறைந்தது.

கண்டவர் யாவர் என்பது நோக்கத்தக்கது. விடியல் நான்கு மணிக்கு விழித்திருப்போர் யாரோ அவரே கண்டனர். துறைமுகத்துக் கூலியாட்கள், மாலுமிகள், காவற்பணியில் இருந்தோர், நோயாளர் ஊர்தியில் சென்றோர், விமான நிலையத்துப் பணியாளர்கள். வானியலில் ஆர்வங்கொண்ட ஒருவரும் அவர்களுள் இருந்தார். கற்பனையில் திளைப்பதற்கென்று வெளியே வந்து நின்றவர்கள் அல்லர். இரவு வேலையில் இருந்தவர்கள். மூன்று நாள் கழித்து அரசுச் செய்தி நிறுவனமான டாஸ் வாயிலாக இச்செய்தி நாளேட்டில் வந்தது. அந்நாட்டில் அத்தகைய செய்தி அச்சேறுவதே அரிது. ஒளியைக் கடலில் மிதக்கும் சொறிமீனுக்கு ஒப்பிட்டும், கதிர்களை மழைத்தாரைக்கு ஒப்பிட்டும் அச்செய்தி எழுதப்பட்டிருந்தது. சொறிமீன் என்பது இழுதுமீன் என்றும் வழங்கும் குடைவடிவக் கடலுயிரி; உடல் ஊடுருவித் தெரியும்; விளிம்பிலிருந்து இழைகள் தொங்கும். இவ்வுவமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து எழுந்ததே வாதம். வடபுலத்து ஒளிகளுள் ஒன்று என்றனர் சிலர். ஆனால் கரேலிய மக்கள் வடமுனைச் சுடரொளியைப் பிறந்தது முதல் காண்பவர்கள். அது திரைச்சீலைபோல் அசையும் என்பதும் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிக் குடையாக விரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எரிமீன் என்றனர் சிலர். எரிமீன் சில நொடிகளில் முடிந்துவிடும். வேற்றுலகத்து ஊர்தி என்றனர் மிகப் பலர். வீட்டுச் சன்னல் கண்ணாடிகளில் சிறு துளைகள் விழுந்தன என்ற பேச்சும் பரவியது. ஏவூர்தியாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்ட தடைகள் நான்கு. ஓசை சிறிதும் கேட்கவில்லை. ஒளி ஊருக்கு நேர்மேலே நிலைத்து நின்றது. இவ்வளவு நேரம் நீடித்தது. எல்லாவற்றினும் மேலாக, அந்தப் பக்கத்தில் ஏவுதளம் எதுவும் இல்லை. முதல் மூன்றும் கண்ணாலும் காதாலும் பெற்ற தடைகள். நான்காவது தடையைத் தந்தது நாட்டின் நிலப்படம்.

நிலப்படம் பொய் சொல்லியது. பெத்ரோசவோத்ஸ்க் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே, பிளெசெத்ஸ்க் என்னும் ஏவுதளம் இருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்காக 1950களின் இறுதியில் அமைக்கப்பட்டது. 1966 முதல் அங்கிருந்து செயற்கைக்கோள்களும் ஏவப்பட்டு வந்தன. 1970களில் உலகிலேயே மிகுதியான ஏவுதல்கள் நிகழ்ந்த இடம் அதுவே. அங்குப் பணிபுரிவோர் வாழ்ந்த ஊருக்கு மீர்னி என்று பெயர். ‘அமைதியானது’ என்பது அதன் பொருள். அரசு இவ்விடத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983ஆம் ஆண்டில்தான்.

ஆனால் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள் அதனைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். கெட்டரிங் என்னும் சிற்றூரின் பள்ளியில் இயற்பியல் கற்பித்த ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி, சாதாரண வானொலி வாங்கி ஒன்றை வைத்துக்கொண்டு, சோவியத்துச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ஒலிகளைக் கேட்கத் தம் மாணவர்களைப் பழக்கினார். இன்ன நேரத்தில் கேட்கத் தொடங்கியது, இன்ன நேரத்தில் அடங்கியது என்று பையன்கள் ஏட்டில் குறித்தார்கள். 1966 மார்ச் 17இல் ஏவப்பட்ட காஸ்மோஸ்-112 வழக்கமான பாதையில் செல்லவில்லை என்பது அவ்வேட்டிலிருந்து தெரிந்தது. அதன் பாதையையும் பின்னர்ச் சென்ற வேறொரு கோளின் பாதையையும் நிலப்படத்தில் வரைந்து பார்த்தபோது, இரண்டும் வெட்டிக்கொண்ட இடம் வட உருசியக் காடு. அவ்வாண்டே அவர்கள் அதனை உலகிற்கு அறிவித்தனர். கெட்டரிங் மாணவன் அறிந்த ஒன்றைப் பெத்ரோசவோத்ஸ்க் துறைமுகத் தொழிலாளி அறியக்கூடாது என்பதே அன்றைய ஏற்பாடு. மறைப்பு யாருக்கு எதிராக என்ற வினா இங்கு எழுகிறது. பகைநாட்டு உளவுத்துறைக்கு அவ்விடம் ஏற்கெனவே தெரியும். அமெரிக்கக் கோள்கள் அதனைப் படம் பிடித்திருந்தன. தெரியாதவர்கள் அந்நாட்டு மக்கள் மட்டுமே.

அன்று விடியற்காலை மாஸ்கோ நேரம் நான்கு மணி கடந்து ஒரு நிமிடத்தில் பிளெசெத்ஸ்கிலிருந்து காஸ்மோஸ்-955 என்னும் கோள் ஏவப்பட்டது. பிற நாடுகளின் வானலைச் சைகைகளைக் கேட்டறியும் உளவுக்கோள் அது. தாங்கிச் சென்றது வாஸ்டாக் வகை ஏவூர்தி. கோளின் பாதை விவரம் வெளியுலகில் எவரும் பெறக்கூடியதாக இருந்தது. பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் புறப்பட்ட நேரமும் இடமும் கிடைக்கும். அமெரிக்க விண்வெளிப் பொறியாளரும் எழுத்தாளருமான ஜேம்ஸ் ஓபர்க் இக்கணக்கைப் பெத்ரோசவோத்ஸ்க் ஒளியோடு பொருத்திக் காட்டினார். நேரமும் பொருந்தியது, திசையும் பொருந்தியது.

அப்படியானால் முதல் மூன்று தடைகள்? அவையும் தீர்கின்றன. தரையில் இருக்கும்போது ஏவூர்தியின் புகை, காற்றின் அழுத்தத்தால் நெருக்குண்டு குறுகிய தூணாக நிற்கும். நூறு கிலோமீட்டருக்கு மேலே சென்றுவிட்டால் நெருக்கக் காற்றில்லை. கக்கிய வளி தங்குதடையின்றிப் பக்கமெல்லாம் பரவிப் பல கிலோமீட்டர் அகன்ற குடையாகிவிடும். தரையில் நிற்பவருக்கு இன்னும் இரவு. ஆனால் அவ்வளவு உயரத்தில் பூமியின் நிழல் முடிந்து கதிரொளி தொடங்கிவிடுகிறது. இருண்ட வானின் நடுவே அக்குடை மட்டும் வெயிலில் நனைந்து ஒளிர்வது இதனால்தான். நள்ளிரவில் ஏவினால் இக்காட்சி இல்லை, பட்டப்பகலிலும் இல்லை. விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் உள்ள சிறு பொழுதில் மட்டுமே தோன்றும். ஓசை கேளாமைக்குக் காரணம் தொலைவு. நிலைத்து நின்றதுபோல் தோன்றியதற்குக் காரணமும் தொலைவே. வடதிசை நோக்கி விலகிச் செல்லும் ஒன்று, பார்ப்பவர் கண்ணுக்கு நகராமல் மெல்லச் சிறுப்பதாகவே படும். தங்கள் ஊருக்கு நேர்மேலே நின்றது என்று பெத்ரோசவோத்ஸ்க் மக்கள் உறுதியாகக் கூறினர். ஆனால் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் அதே நேரத்தில் அவ்வொளியைக் கண்டவர்கள் இருந்தனர். ஓரூரின் மேல் நிற்கும் பொருள் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மற்றோரூரில் தெரிய வேண்டுமானால், அது மிக மிக உயரத்தில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது சொறிமீன் உவமைக்குத் திரும்பலாம். வெற்று வெளியில் விரிந்த வளிக்குடையும், அதன் கீழே தொங்கும் ஒளிக்கீற்றுகளும், ஊடுருவித் தெரியும் மென்மையும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டன. பிற்காலத்தில் ஏவூர்திக் காட்சிகளை ஆராய்ந்தவர்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றனர். கண்ட மக்கள் பிழையாகக் காணவில்லை, பிழையாகச் சொல்லவுமில்லை. சொறிமீன் போன்றது என்று கண்டவன் கூறினான். ஆராய்ந்தால் ஏவூர்தி என்னும் விடைக்கு நேரே இட்டுச்செல்லக்கூடிய குறிப்பு அது. உவமேயத்தின் பெயரை அறிந்தவர்கள் வாய்திறக்கவில்லை, அவ்வளவே.

தமிழில் வானொளியைப் பதிந்த பழம்பாடல் ஒன்றை இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது பொருந்தும். புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு மீன் வீழ்ந்ததைச் சொல்கிறார். பங்குனித் திங்களின் முற்பகுதி, நள்ளிரவு, உச்சியில் நின்ற நாள்மீன் சாய்ந்தது, அதற்கு எதிரே ஒரு மீன் எழுந்தது, முன்னர் எழுந்த மற்றொன்று மேற்கே படிந்தது. இம்மீன்கள் உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று பழைய உரை விளக்குகிறது. வீழ்ந்த மீன் கிழக்கே செல்லவில்லை, வடக்கேயும் செல்லவில்லை என்று திசையையும் புலவர் விலக்கிக் காட்டுகிறார். இவ்வளவும் கூறிய பின்னரே அச்சம் வருகிறது. ஏழாம் நாளில் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை துஞ்சிய செய்தி வருகிறது. மீன் வீழ்ந்ததால் மன்னன் மாய்ந்தான் என்பதை இன்றைய வாசகர் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் திங்கள், பொழுது, திசை, மீன்களின் நிலை ஆகியவற்றைப் புலவர் கலப்பின்றித் தந்துள்ளமையால், பொருளை மறுப்பவரும் காட்சியை மறுக்க முடியாது. கையறுநிலைப் பாடலுக்குள் இத்தகைய குறிப்பேட்டுத் தன்மை அமைந்திருப்பதை வகுப்பறைகளில் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. பெத்ரோசவோத்ஸ்க் இரவுப் பணியாளர்கள் செய்ததும் இதுவே. நேரமும் வடிவமும் நிறமும் திசையும் சொன்னார்கள்.

1977இன் ஒளி தனித்த நிகழ்ச்சியன்று. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1967இல், சோவியத்து நாட்டின் தென்பகுதியில் அந்தி நேரங்களில் மாபெரும் பிறைகள் வானில் ஊர்ந்தன. ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள், காக்கசஸ் மலைச்சாரலில் கிஸ்லவோத்ஸ்க் அருகேயுள்ள வானியல் நிலையத்தாரே அத்தகைய பிறையைக் கண்டனர். அதே நாளில் காஸ்மோஸ்-171 ஏவப்பட்டிருந்தது. பூமியை ஒரு சுற்று முடிப்பதற்குள் வேகம் குறைத்து இறங்கும் குண்டுமுனையைச் சோதிக்கும் படைக்கல முயற்சி அது. இறங்குவதற்காக எரியூட்டிய பொறியின் வளியே பிறையாகத் தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரியில்தான் விண்வெளியில் அணுப்படைக்கலம் நிறுத்துவதில்லை என்னும் உடன்படிக்கையில் அந்நாடு கையொப்பமிட்டிருந்தது. அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. பிறையைப் பிறை என்று சொல்லலாம். ஏவுகணை என்று சொல்லலாகாது.

மாஸ்கோ விமானவியல் நிறுவனத்தின் ஆசிரியரான பெலிக்ஸ் சீகெல், அவ்வாண்டின் இறுதியில் தொலைக்காட்சியில் தோன்றி, வானில் விந்தை கண்டவர்கள் எழுதி அனுப்புமாறு வேண்டினார். கடிதங்கள் குவிந்தன. பிறைகள் வேற்றுலகத்தாருடையன என்ற எண்ணத்திற்கு அவர் இடங்கொடுத்தார். சொந்த நாட்டின் பொறியியல் நிறுவனத்திலேயே பணிபுரிந்த கற்றறிந்த ஒருவர், சொந்த நாட்டின் படைக்கலத்தை அயலுலக ஊர்தி என்று கருதும் நிலை வந்தது. 1968 பிப்ரவரியில் பிராவ்தா நாளேடு, அறிவியலாளர் கட்டுரை வாயிலாக, இப்பேச்சுகள் எல்லாவற்றையும் அடிப்படையற்றவை என்று ஒதுக்கியது. அக்கட்டுரையின் முடிவு சரியானது; வேற்றுலகத்தார் வரவில்லை. ஆயினும் உண்மையான விடையைத் தராமல் வினாவை மட்டும் ஏளனம் செய்யும் மறுப்பை மக்கள் நம்புவதில்லை. மறுக்க மறுக்கக் கதை வளர்ந்தது. சீகெல் அவர்களைப் பழிப்பதற்கு இங்கு ஒன்றுமில்லை. கையில் இருந்த சான்றுகளைக்கொண்டு வேறு முடிவுக்கு வருவதும் அவருக்கு எளிதன்று.

பெத்ரோசவோத்ஸ்க் ஒளிக்குப் பின்னர் அரசால் வாளாவிருக்க முடியவில்லை. 1978 முதல் அறிவியற் கழகத்தின் கீழ் ஒன்றும் படைத்துறையின் கீழ் ஒன்றுமாக இரு ஆய்வுத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. உருசிய மொழியில் ‘வலை’ என்று பொருள்படும் ‘சேத்கா’ என்பது திட்டத்தின் பெயர். 1990 வரை அது நடைபெற்றது. இடையில் 1979இல் கிண்டிலிஸ் முதலிய மூவர், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த காட்சிக் குறிப்புகளைத் தொகுத்துப் புள்ளியியல் ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். அமெரிக்க விண்வெளி நிறுவனம் மறு ஆண்டே அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தது. நாளும் நேரமும் வடிவும் அதில் வகைப்படுத்தப்பட்டுள்ளன. அந்நாள்களை ஏவுதல் நாள்களின் பட்டியலோடு அருகருகே வைத்துப் பார்க்கும் சிறுவேலை ஒன்றே எஞ்சியிருந்தது. அதனைக் கடலுக்கு அப்பாலிருந்த ஓபர்க் செய்தார். சேத்கா முடிந்த பிறகு, அதில் பங்குகொண்ட யூலி பிளாத்தோவ், சொக்கலோவ் ஆகியோர் முடிவை எழுதினர். இரவில் பெருந்திரளான மக்கள் கண்ட ஒளிகள் ஏறத்தாழ அனைத்தும் ஏவூர்திகளாலும் விண்துறைச் சோதனைகளாலும் நேர்ந்தவை.

பிற்காலத்தில் வாதத்தின் ஆயுள் எப்படிக் குறைந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2009 டிசம்பர் 9ஆம் நாள் காலை, நார்வேயின் வடபகுதியில் வானத்தில் ஒரு வெண்சுருள், கோலமிட்டாற்போலச் சுழன்று விரிந்தது. நீலக் கீற்று ஒன்று அதனோடு இணைந்திருந்தது. ஒபாமா ஆஸ்லோ நகரில் அமைதிப் பரிசு பெறுவதற்கு முந்தைய நாள் என்பதால் கதைகட்டுவோர்க்கும் பஞ்சமில்லை. மறுநாளே உருசியப் பாதுகாப்பு அமைச்சகம், வெண்கடலில் நீர்மூழ்கியிலிருந்து ஏவிய புலவா ஏவுகணை மூன்றாம் கட்டத்தில் பழுதுற்றது என்று ஒப்புக்கொண்டது. நிலைதடுமாறிச் சுழன்ற ஏவுகணை கக்கிய வளியே சுருளாயிற்று. நம் நாட்டிலும் 2022 டிசம்பர் 15 அன்று அந்தி நேரத்தில் வங்கத்து வானில் தோன்றிய ஒளியைப் பற்றிப் பரபரப்பு எழுந்தது. ஒடிசாக் கடற்கரையிலிருந்து ஏவப்பட்ட அக்னி-5 அது என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ஊர்தியைச் சென்னை மக்கள் மொட்டை மாடியில் நின்று பார்க்கின்றனர். நாளும் மணியும் முன்னரே அறிவிக்கப்படுவதால் அங்கு வாதத்திற்கு இடமில்லை. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டுவதற்குத்தான் இடமுண்டு.

மறைக்கப்பட்டது ஓர் ஒளியின் பெயர் மட்டுமாக இருந்திருந்தால் இச்செய்தி வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும். 1980 மார்ச் 18ஆம் நாள், பிளெசெத்ஸ்கில், பெத்ரோசவோத்ஸ்க் வானில் சொறிமீனாய் விரிந்த அதே வகை வாஸ்டாக் ஏவூர்தி, அதே வகை உளவுக்கோளைச் சுமந்து நின்றது. புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கையில், எரிபொருள் நிரப்பும்போது வெடித்தது. 48 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம்வயதுப் படைவீரர்கள். நாட்டு மக்களுக்கு இது 1980களின் இறுதிவரை சொல்லப்படவில்லை. இல்லாத ஏவுதளத்தில் எவரும் இறக்க முடியாதல்லவா! விசாரணைக் குழு, பணியில் இருந்தவர்களின் தவறே காரணம் என்று முடிவு கூறியது. மறு ஆண்டு ஜூலையில் அதேபோன்ற மற்றொரு விபத்து மயிரிழையில் தவிர்க்கப்பட்டபோது, ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லும் வடிகட்டியில், வெள்ளீயப் பற்றாசு இருக்க வேண்டிய இடத்தில் காரீயம் கலந்த பற்றாசு இடப்பட்டிருந்தது தெரிந்தது. வெடிப்பை விளைத்தது அது. மாண்டவர்களின் நினைவிடம் மீர்னி ஊரில் இருக்கிறது.